இஸ்திரிக்காரரின் ஜோக்கர்

சீட்டுகளை விசிறியாக விரிப்பார், ஒரு நொடி பார்ப்பார், உடனே மூடி நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பகல் சாப்பாட்டு நேரம் முழுக்க இஸ்திரிக்காரருக்கு இதே வேலை. காலையிலிருந்து இருநூறு படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் தேய்த்த கை அது. அந்தக் கையில் சீட்டு மட்டும் கசங்கிப் போகும், அப்படி ஒரு பிடி.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒருவர் போட்ட சீட்டைவிட அடுத்தவர் பெரியதைப் போட வேண்டும், முடியாவிட்டால் பாஸ். ஜோக்கர்தான் எல்லாவற்றுக்கும் மேல். கையை முதலில் காலி செய்பவர் முதலாளி, கடைசியில் சீட்டோடு நிற்பவர் கூலி. அடுத்த ஆட்டத்தில் கூலி தன் கையிலுள்ள பெரிய சீட்டு இரண்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, அவர் தள்ளும் இரண்டு குப்பையை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே முதலாளி சுலபத்தில் இறங்கமாட்டார். இஸ்திரிக்காரர் ஏழு வருடம் இறங்கவில்லை. "நியாயம்னா நியாயம்தான்பா, எடு பெரிய சீட்டை" என்று கை நீட்டுவார்.

பிறகு ஒரு புது டிரைவர் வேலைக்கு வந்தான், அவர் நிம்மதி போயிற்று. அவன் யோசிப்பதே இல்லை. பட்பட்டென்று போட்டு முடித்துவிட்டு எழுந்துவிடுவான். பதவி போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் துணி மடிக்கும் பிரிவில் இருக்கும் அவர் மனைவியும் அந்த ஆட்டத்தில் உண்டு. "அந்தத் தம்பி சீட்டு போடறதே ஒரு அழகுங்க. நீங்களும்தான் இருக்கீங்களே, ஒரு சீட்டைக் கீழ வைக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்" என்று வீட்டில் வைத்துச் சொல்லிவிட்டாள். ஏழு வருடத்தில் தான் போட்ட ஒரு சீட்டையாவது அழகு என்று சொல்லியிருப்பாளா இவள்?

அதிலிருந்து ஆட்டமா ஆடினார், வேவு பார்த்தார். மனைவி பாஸ் சொன்னால் அவனுக்காகத்தான் சொல்கிறாள். அவன் "அண்ணி, உங்க முறை" என்றால், அதை இவன் ஏன் சொல்ல வேண்டும்?

"பெரிய சீட்டு இல்லையா உன்கிட்ட?" என்று மனைவியைக் கேட்பார்.

"இருந்தா போடமாட்டேனா?"

"இருக்கும், இருக்கும்."

நாலாவது ஆளான சோப்புக்காரர் தலையிலடித்துக்கொள்வார். "யோவ், சீட்டைப் பாருய்யா, மூஞ்சியைப் பார்க்காதே."

நேற்று ஜோக்கர் அவர் கைக்கு வந்தது. டிரைவருக்கென்றே அதைப் பதுக்கினார். அவன் ராணி போட்டான். இதற்குப் போய் ஜோக்கரா என்று விட்டார். ஆஸ் போட்டான், ஆடட்டும், முடிக்கப் போகிற நேரத்தில் மண்ணைக் கவ்வ வைக்கலாம் என்று பாஸ் சொன்னார். அவன் கையில் மிச்சமிருந்த சீட்டுகளையே எண்ணிக்கொண்டிருந்தவர், பக்கத்தில் மனைவி சத்தம் போடாமல் இறக்கிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவேயில்லை.

"நான் முடிச்சிட்டேன்" என்று அவள் வெறுங்கையைக் காட்டினாள்.

"அண்ணி கலக்கிட்டாங்க" என்றான் டிரைவர்.

இஸ்திரிக்காரர் அவளையே வெறித்துக்கொண்டிருந்தார். முறை வந்தபோது வாய் பழக்கத்தில் பாஸ் சொல்லிற்று. டிரைவர் முடித்தான், சோப்புக்காரரும் முடித்தார். ஜோக்கரை வைத்துக்கொண்டே கூலியான ஆள் இவர் ஒருவர்தான். டிரைவர் முதலாளியாகியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு வந்தது. ஒரு ஆஸ், பாழாய்ப்போன ஜோக்கர் மறுபடியும் அவரிடமே. மனைவி கை நீட்டினாள். ஆஸை வைத்தார். ஜோக்கரையும் நீட்டினார். அவள் பிடித்து இழுத்தாள், வரவில்லை.

"விடுங்க."

"கொடுத்துட்டேனே" என்றார். சீட்டின் ஒரு மூலை இன்னும் அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில்தான் இருந்தது.