கடலைச் செடிக்குக் கூரை

அந்த ஆவணி முழுக்க நான் ஓரிடத்தில் உட்கார்ந்த நினைவே இல்லை. செங்கம் சாலையில் ஒரு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு துண்டு நிலத்தில் வேர்க்கடலை போட்டு, தண்ணீர் கிடைக்காதபோது எந்த ரகம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. செடி வாட வேண்டும், ஆனால் செத்துவிடக் கூடாது. அதனால் பாத்திகளின் மேல் இரும்புக் குழாய் நட்டு, சுருட்டி இழுக்கும்படி பிளாஸ்டிக் கூரை போட்டிருந்தேன். வெயிலில் திறந்திருக்கும். மேகம் கட்டினால் கயிற்றை இழுத்து மூடிவிட வேண்டும்.

நிலத்துக்குச் சொந்தக்கார அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரும் பக்கத்திலேயே மானாவாரியாகக் கடலை போட்டிருந்தார். விதைத்ததோடு சரி, நல்ல மழையே இல்லை. நான் கயிற்றைச் சரிபார்க்கும்போதெல்லாம் அவர் வரப்பில் நின்று பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே சில நாள் சீக்கிரம் திரும்பிவிடுவேன். அறைக்கு வந்தாலும் இருப்புக்கொள்ளாது. டீயை ஆறவிட்டுவிட்டு போனில் வானிலை பார்ப்பேன், மாடிக்கு ஏறி வானத்தைப் பார்ப்பேன், மறுபடியும் போன்.

பௌர்ணமியன்று மதியம் குளிப்பதற்காக அறைக்கு வந்திருந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்தேன். கிரிவலத்துக்காகத் தடுப்பு போட்டுவிட்டிருந்தார்கள். “வண்டி போகாதும்மா, சுத்திப் போங்க,” என்றார் போலீஸ்காரர். அங்கேயே ஓரமாக நிறுத்தி அக்காவுக்குப் போன் செய்தேன்.

“அக்கா, மேகம் இறங்குது. கூரையை இழுத்து விட்டுடறீங்களா? நான் வந்துக்கிட்டே இருக்கேன்.”

“இன்னா பாப்பா பேசுற நீ? ஊரே வானத்தப் பாத்துக்கினு நிக்குது. வர்ற மழைய மூடச் சொல்றியே!”

“உங்க கடலைக் கொல்லைல பெய்யட்டும்க்கா. என் செடிக்கு மட்டும்தான் வேணாம்.”

“எனக்கு மனசு வரல,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சுற்றிக்கொண்டு போனேன். எதிரே கூட்டம் கூட்டமாக ஜனங்கள் நடந்து வந்தார்கள். யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது. வேங்கிக்கால் தாண்டியதுமே தூறல் பிடித்துக்கொண்டது. அக்காவின் ஊர் எல்லையில் அது கொட்டும் மழையாகிவிட்டது. கண்ணில் விழும் தண்ணீரோடு என் அழுகையும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

போய்ப் பார்த்தால் கூரை மூடியிருந்தது. மேற்கு மூலையில் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றில் தொங்காத குறையாக நின்றிருந்தார். எதிர்ப்பக்கம் பிளாஸ்டிக் கிழிந்து படபடவென்று அடித்தது.

“நின்னு பாக்குறியே, வந்து புடி! கை எரியுது!”

காற்று அடங்கும்வரை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றோம். மழை விட்டதும், “மனசு வரலைன்னீங்களே?” என்று கேட்டேன்.

“வரலதான். நீ அங்க தவிச்சிக்கினு இருப்பியேன்னு தோணுச்சு,” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆனா அந்தச் செடிங்க என்னைத் திட்டுச்சுங்கன்னா, உன் பேரச் சொல்லிடுவேன்.”

பாதிப் பாத்திகள் நனைந்துபோயிருந்தன. ஒரு சாகுபடிப் பட்டத்து வேலை வீண் என்று நினைத்துக்கொண்டுதான் மறுநாள் காலை போனேன். நனைந்த பாத்திகளில் ஒரு ரகம் மூடிக் கிடந்த இலைகளை விரித்திருந்தது. பக்கத்திலேயே இன்னொரு ரகம், வறட்சியில் நான் மிகவும் நம்பியிருந்த ரகம், தண்ணீர் கிடைத்தும் அசையாமல் கிடந்தது. அது திறக்கச் சில நாளாயிற்று. எது எவ்வளவு தாங்கும் என்று மட்டுமே பார்த்துவந்த எனக்கு, எது எப்படி மீண்டு வருகிறது என்று பார்க்கத் தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து நனைந்த பாத்திகளையும் தனியாக அளக்கத் தொடங்கினேன். இன்றைக்கு என் வேலையில் பெரும்பகுதி அதுதான்.

அக்காவின் கொல்லையில் கடலை சுமாராக விளைந்தது. அறுவடை முடிந்ததும், அடுத்த பட்டத்துக்கு நிலம் கேட்டேன்.

“கோச்சிக்காத பாப்பா, இனிமே நெலம் தரல,” என்றார். “உனக்கு வேற எது வேணும்னாலும் செய்யறேன். மழைல நின்னு கயிறு புடிக்கிற வேலை மட்டும் வேணாம்.”

நான் வற்புறுத்தவில்லை. குழாய்களைப் பிடுங்கி ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு, அந்த வாரமே வேறு நிலம் தேட ஆரம்பித்தேன்.