என்னோடு வந்த வசவு

நான் வேலை செய்யும் சுவிஸ் முதியோர் இல்லத்துச் சமையலறையில் தட்டு உடைந்தால் யாரும் திட்டுவதில்லை. வந்த புதிதில் ஒருநாள் சூப் கோப்பைகளை அடுக்கோடு கீழே போட்டுவிட்டேன். கூட வேலை செய்த பெண் "பஸியர்ட்" என்றாள். எனக்கு 'பாஸ்' மட்டுமே காதில் விழுந்தது; ஜெர்மனில் அது பாஸ்போர்ட். கடவுச்சீட்டைக் கேட்கிறாள், வேலை போயிற்று என்று நினைத்து, ஓடிப்போய் எடுத்துவந்து நீட்டினேன். அவள் சிரித்துவிட்டு என் கையில் விளக்குமாற்றைத் தந்தாள். 'நடக்கிறதுதான்' என்பதே அந்தச் சொல்லின் அர்த்தம் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் அன்று முழுவதும் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன், அப்பாவின் குரலில். இலங்கையில், கலஹா தேயிலைத் தோட்டத்து வீட்டில் கை தவறி எது விழுந்தாலும், "கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்பார். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் அப்படி ஒரு குரல் இருக்கும்.

போன முறை ஊருக்குப் போனபோது, தங்கை செல்வியோடு புடவை வாங்கக் கண்டிக்குப் போனேன். பஸ்ஸில் என் கைப்பையை அவள்தான் மடியில் வைத்திருந்தாள். இறங்கி மார்க்கெட் வாசல்வரை நடந்த பிறகு பார்த்தால் பை இல்லை. கடவுச்சீட்டும் சுவிஸ் வதிவிட அட்டையும் அதில்தான். நான்கு நாளில் விமானம்.

"கண்ணு பொடனியிலயா இருக்கு ஒனக்கு?" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

"நான் எதுக்கும் லாயக்கில்லக்கா" என்று செல்வி தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தாய்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பழக்கமே கிடையாது. "விடு செல்வி, நடக்கிறதுதான். வா, தேடுவோம்" என்றேன். சொல்லும்போதும் எனக்குள் கோபம் இருந்தது. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று, பிடித்த கையை விடாமல் நடந்தேன்.

பஸ் நிலையத்தில் டைம்கீப்பரிடம் பேச எனக்குச் சிங்களம் வரவில்லை. ஜெர்மன் சொல்தான் முந்திக்கொண்டு வந்தது. அவர் விழித்தார். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிங்களத்தில் விவரம் சொன்னாள். பக்கத்தில் நின்ற தொப்பி போட்ட பெரியவர், தன் சாமான் பையிலிருந்து என் கைப்பையை வெளியே எடுத்தார். கண்டிக்குப் பக்கத்து ஊரான மடவளைக்காரர். பஸ் சீட்டில் பையைக் கண்டு, உரியவர் வரட்டும் என்று தன் பஸ்ஸையும் விட்டுவிட்டுக் காத்து நின்றிருக்கிறார்.

"எல்லாம் இருக்கான்னு பாருங்க மகள்."

எல்லாம் இருந்தது. "நான்தான் விட்டுட்டு எறங்கிட்டேன்" என்று செல்வி மறுபடி அழத் தொடங்கினாள்.

"அதுக்கு ஏன் அழுவுறீங்க? நானும் போன மாசம் கொடய விட்டுட்டு எறங்கினவன்தானே" என்றார் அவர்.

செல்வி சிரித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கும் வாய் திறந்தது. "நான் கத்தினது தப்பு செல்வி." அவள் என் முந்தானையைச் சரிசெய்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது. இருவரும் நெருக்கி, ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்தோம். கண்டக்டர் வந்தார்.

"கலஹா ரெண்டு" என்றாள் செல்வி, என்னையும் சேர்த்து.