கழுவிய சட்டித் துண்டு

சட்டியில் கறுப்பு ஒட்டிக்கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அது ஒரு வியாதி மாதிரி. ஓல்போர்க் நகரில் முதியோர் இல்லத்தில் இருபது வருடம் ஆட்களைத் தூக்கித் தூக்கித் தோள்மூட்டு போனபிறகு, நகரசபை, அதுதான் கொம்யூன், என்னை மூன்று மாதப் பயிற்சி வேலைக்கு ஒரு அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. என்ன வேலை தெரியுமா? சட்டி கழுவுவது. கேட்டதும் சிரித்துவிட்டேன்.

லிம்ஃபியோர்ட் கடற்கழிக் கரையில் தோண்டியெடுத்த உடைந்த மண்சட்டிகள் அவை. கற்காலச் சனம் தின்று எறிந்த கோதுகள் அங்கே மேடாகக் குவிந்திருந்தன. அடியில் முழுக்கச் சிப்பி. மேலே வரவர மட்டி. கடலில் உப்புக் குறைந்ததால் சிப்பி அருகிப்போயிருக்கலாமாம். அப்படிச் சிப்பி கைவிட்டுப்போன காலத்தில் அவர்கள் எதைச் சமைத்தார்கள் என்பதைத்தான் எங்கள் ஆராய்ச்சியாளர் பெண் தேடிக்கொண்டிருந்தாள். பதில் சட்டிக்குள் தீய்ந்து ஒட்டிய கறுப்பில் இருக்கும், அதை மட்டும் தொடாதே என்று முதல்நாளே சொல்லியிருந்தாள்.

தலையாட்டியவள்தான் நான். வேலைக்கு வந்த மூன்றாம் கிழமை ஒருநாள், கோபன்ஹேகனுக்குப் படிக்கப்போன மகள் போன் எடுக்கவில்லையே என்று யோசித்துக்கொண்டு நின்றேன். கை தன்பாட்டுக்குத் தேய்த்தது. குனிந்து பார்த்தால், துண்டு பளிச்சென்று இருந்தது. கிண்ணத்துத் தண்ணீர் கறுத்திருந்தது. சிப்பிக்கும் மட்டிக்கும் இடைப்பட்ட, அவள் தேடிய காலத்து மண்ணிலிருந்து வந்ததில் கறுப்புப் பிடித்த துண்டு அது ஒன்றுதான்.

வெளியே போய் என் கணவருக்கு போன் எடுத்தேன்.

"ஆரும் கண்டவையே?"

"இல்லை."

"பிறகென்ன, பேசாமல் இரும். சொன்னீரெண்டால் நாளைக்கே அனுப்பிப்போடுவினம்."

அவர் சொன்னது சரிதான். இந்த இடமும் போனால் கொம்யூன் என்னை எங்கே தள்ளுமோ என்று பயமாக இருந்தது. ஆனால் நான் வாயை மூடினால் அந்தச் சட்டியில் எதுவும் ஒட்டியிருக்கவே இல்லை என்றாகிவிடும். ஒருத்தி சமைத்தது சமைக்காததாகிவிடும். அதைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை.

உள்ளே போய்ச் சொன்னேன். ஆராய்ச்சியாளர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கறுத்த தண்ணீரைக் காட்டினேன். குழாய்த் தண்ணீர் கலந்தபின் அதை நம்பமுடியாது என்றாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு, கழுவமுதல் எப்படி இருந்தது, நினைவில் உள்ளதெல்லாம் சொல் என்றாள்.

"உள்பக்கம், வாய்க்குக் கீழே, ஒரு பக்கத்தில் மட்டும் தடிப்பாக இருந்தது," என்றேன். "அடிப்பிடித்ததில்லை. பொங்கி ஏறித் தீய்ந்தது. அடுப்பில் வைத்துவிட்டு யாரோ கூப்பிட, சமைத்தவள் எழும்பிப் போயிருக்கிறாள்."

அப்படியே எழுதினாள். கீழே, கழுவியவர் என்று என் முதலெழுத்தையும் போட்டாள். நாளைக்கும் வா, ஆனால் பிரஷ்ஷைத் தொடமுதல் என்னைக் கூப்பிடு என்றாள்.

வீட்டுக்கு வந்தால் ஒரே தீய்ந்த மணம். இவர் சட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே ஒரு தட்டையும் கவிழ்த்து வைத்திருந்தார்.

"கத்தாதையும். நானே தேய்ச்சு மினுக்கிறன்."

"மினுக்கலாம். முதல் என்ன சமைச்சனீங்கள் எண்டு சொல்லுங்கோ."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

"பருப்பு," என்றார்.

இந்த ஒரு சொல் கிடைக்காமல்தான் அங்கே ஒருத்தி அழுதாள்.