பாதியில் நின்ற மிஷின்

இரண்டு வருடத்துக்கு முன், எனக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்ததும், தங்கச்சிமடத்திலிருந்து நானும் கணவரும் மதுரைக்குப் போய் லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்த்தோம். எங்கள் பக்கம் 'கரண்டு வைக்கிறது' என்பார்களே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சை. முகத்தோடு ஒட்டிய முகமூடியைப் போட்டு மேஜையோடு பூட்டிவிடுவார்கள். தலையை அசைக்க முடியாது. மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே படுத்திருப்பேன். லீவு நாள் போக ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் கட்டி மறுபடி தலையெடுக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, பாதியில் மிஷின் சத்தம் டக்கென்று நின்றது. மிஷினை இயக்கும் பெண் ஓடிவந்து முகமூடியைக் கழற்றினார். ஏதோ கோளாறென்று மிஷினே கண்டுபிடித்துத் தன்னை நிறுத்திக்கொண்டதாம், இன்றைக்கு இனி ஓட்ட முடியாது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் கணவர் விசைப்படகு ஓட்டுகிறவர். படகில் இன்ஜின் சூடேறினால் ஒரு பஸர் கத்தும். மீன் நன்றாகப் படுகிற நேரத்தில் அது கத்தினால் யாருக்குப் பிடிக்கும்? வயரைக் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். அதே ஞானத்தோடு இங்கேயும் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, அந்த பஸர் வயர மட்டும் கழட்டி விட்டுட்டு மிச்சத்த ஓட்டி முடிச்சிருங்கம்மா. நான் வேணா கழட்டித் தாரேன்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"கழட்டுனா மிஷினு ஓடும்ணே. ஆனா கரண்டு அக்கா கழுத்துல எங்கன விழுதுன்னு எங்களுக்குத் தெரியாமப் போயிரும்."

இவர் விடவில்லை. டாக்டரிடம் போய்க் கெஞ்சினார், கடைசியில் கத்தவும் செய்தார். நானும் சேர்ந்துதான் கெஞ்சினேன். ஒருவரும் அசைந்து கொடுக்கவில்லை. ஈவு இரக்கமில்லாத ஜனம் என்று திட்டிக்கொண்டே லாட்ஜுக்குத் திரும்பினோம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மறுநாள் லீவுதான், ஆனாலும் விட்டுப்போனதைச் சரிக்கட்டிவிடலாம், வாருங்கள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மிஷினைச் சோதித்துப் பார்க்கிற இயற்பியலாளர் தூக்கமில்லாமல் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். மிஷினுக்குள் எலெக்ட்ரானைப் பயங்கர வேகத்தில் விரட்டித்தான் கதிரை உண்டாக்குகிறார்களாம். அதை நேராகப் போக வைக்கிற பாகம் ஒன்று கெட்டு, கதிர் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருக்கிறது. நாம் கண் மூடித் திறப்பதற்குள் மிஷின் அதைக் கண்டுபிடித்து நின்றிருக்கிறது. இப்போது பாகத்தை மாற்றிச் சோதித்தாயிற்று, பயமில்லை என்றார். அன்றைக்கு விடாமல் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் கணவர் கேட்டார். பக்கத்திலேயே தண்டுவடம் இருக்கிறது, அதில் பட்டால் கைகால் விளங்காமல் போகலாம் என்று மட்டும் சொன்னார் அவர்.

லீவு நாளில் எங்களுக்காக வந்து நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்து என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பெண் அதைக் கவனிக்காதது போல, வாங்கக்கா படுங்க என்று முகமூடியைக் கையில் எடுத்தார். என் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் மாட்டினார்.

இப்போது குரல் கொஞ்சம் கரகரப்புத்தான். ஆனாலும் பிள்ளைகளைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி அதட்டுகிறேன். கேட்டதைக் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஜெபத்தில் நன்றி சொல்வது என் வழக்கம். நாங்கள் அத்தனை கெஞ்சியும் முடியாது என்று சொன்ன அவர்களுக்கே இன்றுவரை என் முதல் நன்றி.