இரும்புச் சட்டியில் கொதித்த மாதுளந்தோல்

என் சித்தியை நோய்க்காரி என்று ஊர் ஒதுக்கியதற்கு நான் சொன்ன ஒரு பொய் காரணம். சின்னப் பையன், தெரியாமல் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. பொய் என்று தெரிந்துதான் சொன்னேன்.

போன வாரம் உறவுக்காரப் பையன் ஒருவன் கைப்பேசியில் ஒரு விளம்பரம் அனுப்பினான். மாதுளந்தோல் சாறாம். சர்க்கரை நோயிலிருந்து புற்றுநோய் வரை எல்லாம் தீருமாம். பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான், பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தோலில் இருப்பது துவர்ப்பு. அது வெடிப்பை இறுக்கும், புண்ணில் நீர் வடிவதைக் குறைக்கும், பேதிக்கும் கொஞ்சம் கேட்கும். அதற்கு மேல் அதன் தலையில் எதையும் ஏற்றுவது அயோக்கியத்தனம். விளம்பரத்தில் ஒரு பெண்ணின் பாதம் வேறு, பால்கோவா மாதிரி. மரக்காணம் உப்பளத்தில் வெறுங்காலோடு பாத்தி மிதித்தவளின் பாதத்தை அவர்கள் பார்த்ததில்லை.

என் சித்தி மிதித்தாள். உப்பு விளைவதற்கு முன்னால் சேற்றுப் பாத்தியைக் காலால் மிதித்து மிதித்துத் தரையாக இறுக்க வேண்டும். உப்புநீர் வெடிப்புகளுக்குள் புகுந்து காந்தும். பழக்கடைக்காரர் எறிகிற மாதுளந்தோலை நான் பொறுக்கி வருவேன். பள்ளியில் எனக்குப் பட்டப்பெயரே "தோலு". சித்தி அதைக் காயவைப்பாள். அவள் வேலையிலிருந்து திரும்புவதற்குள் நான் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். அதற்கென்றே ஒரு மண்சட்டி. "இரும்புல மட்டும் வெக்காதடா" என்று சொல்லியிருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் அந்தச் சட்டியை எடுத்துக்கொண்டு கழுவெளி ஏரியில் மீன் பிடிக்கப் போனேன். கரையில் வழுக்கி விழுந்தேன், சட்டி உடைந்தது. ஓடுகளைச் சேற்றில் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தோலை இரும்புச் சட்டியில் கொதிக்கவைத்தேன். பொழுது சாய்ந்து வந்த சித்தி, மங்கல் வெளிச்சத்தில் எதையும் கவனிக்காமல் காலை அந்தத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

காலையில் கணுக்கால் வரை கருநீலம். தேய்த்தாள், சீயக்காய் போட்டாள், போகவில்லை.

"டேய், எதுல வெச்ச?"

"மண்சட்டியிலதான் சித்தி."

"சட்டி எங்க?"

"பூனை தள்ளி உடைச்சிட்டுது. அள்ளிக் கொட்டிட்டேன்."

நம்பினாள். நம்பியதால் பயந்துபோனாள். தன் காலுக்கே ஏதோ வந்துவிட்டது என்று நினைத்தாள். அன்று அவளோடு நானும் உப்பளத்துக்குப் போனேன். மேஸ்திரி வரப்பிலேயே மறித்தார்.

"இன்னாம்மா இது? இந்தக் காலோட வெள்ளை உப்புல எறங்குவியா?"

"தெரியலீங்க மேஸ்திரி. தானா கறுத்துப்போச்சு."

"தானாவா? ஊட்டுக்குப் போம்மா. வியாதிய எல்லாருக்கும் ஒட்டவெச்சிடாத."

பக்கத்தில் நின்ற பெண்கள் குடிநீர்ப் பானையைத் தூக்கித் தள்ளி வைத்தார்கள். நான் மேஸ்திரியின் குடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை போதும், அது என் வாயில் இருந்தது.

கறை சில நாளில் போயிற்று. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. சித்தி பெருமுக்கல் பக்கம் களை எடுக்கப் போய், அங்கேயே தங்கிவிட்டாள்.

கல்லூரி ஆய்வகத்தில் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை ஆகும் என்று கண்ணால் பார்த்த அன்று சித்தியின் கால் ஏன் கறுத்தது என்று புரிந்தது. அதற்குப் பிறகும் பல வருடம் வாய் திறக்காமல் இருந்தேன். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வாத்தியார் ஆன பிறகு, ஒரு புட்டி தோல் கஷாயமும் ஓர் இரும்பாணியுமாக அந்த மேஸ்திரியைத் தேடிப் போனேன். ஆணியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கறுத்தது. அவர் சிரித்தார்.

"இது தெரியாதா வாத்தியாரே? எங்க ஊட்லயும் இந்தத் தண்ணிதான். உங்க சித்தி எல்லாருக்கும் பூட்ஸ் வாங்கிக் குடுன்னு பொம்பளைங்கள சேத்துக்கிட்டு நின்னாங்க. மொதலாளி அனுப்பிடுன்னாரு. சும்மா எப்பிடி அனுப்புறது? காலு கறுத்து வந்தாங்க, சௌகரியமாப் போச்சு."

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது. ஆனால் அவருக்குக் காரணத்தைக் காய்ச்சிக் கொடுத்தவன் நான்.

அன்றே பெருமுக்கல் போய், சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை எப்படியும் போயிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

அவள் கையிலிருந்த களைக்கொத்தியைக் கீழே வைத்தாள்.

"வேல போவும்னு எனக்கு அப்பவே தெரியும்டா. நான் அதுக்கா அழுதேன்? பூட்ஸுக்கு என்கூட நின்னவளுங்கதான் பானையத் தள்ளி வெச்சாளுங்க. வியாதி இல்லன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வேல போனாலும் அவளுங்க என்கூட நின்னிருப்பாளுங்க."

பிறகு எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பை என் கையில் கொடுக்கவில்லை. கீழே வைத்துவிட்டு, களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு கொல்லையில் களை கொத்தப் போய்விட்டாள்.