குபேர லிங்கம் வரைக்கும் எடுக்காத போன்

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. சென்னையில் ஒரு கால்பந்து கிளப்புக்கு ஆடுகிறாள். முதல் ஒப்பந்தம் முடியப்போகும் சமயத்தில் கிளப் புதிதாக ஒன்றை அனுப்பியது. வீட்டில் அதிகம் படித்தவன் நான் என்ற வதந்தியை நம்பி, அதை என்னிடம் நீட்டினாள்.

மூன்று முறை படித்தேன். இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் ஒரே சம்பளம், கோல் போட்டாலும் பெஞ்சில் உட்கார்ந்தாலும். அது கிளப்பின் கொள்கை. ஒப்பந்தம் இரண்டு வருடம். கிளப் விரும்பினால் அதே சம்பளத்தில் மூன்றாவது வருடமும் வைத்துக்கொள்ளலாம். அவள் விரும்புகிறாளா என்று கேட்கும் வரி எங்கும் இல்லை.

"அப்ப எனக்கு இருபத்தொண்ணு தாண்டிடும்ப்பா. அப்பவும் சின்னப் பசங்க சம்பளமா? வேற கிளப் கூப்பிட்டாலும் போக முடியாது."

"பேசாம கையெழுத்து போட்டுடும்மா. எதுனா கேட்டா வேணாம்னு அனுப்பிடப் போறாங்க."

பதினொரு வருடமாக ஒரே சன்மானத்துக்கு வாரப் பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவனின் ஆலோசனை அது. அவள் மதிக்கவில்லை. மூன்றாவது வருடத்தை நீக்கும்படி மேனேஜருக்கு எழுதிவிட்டாள். நாளைக் காலை போனில் பதில் சொல்கிறேன், பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்து வராவிட்டால் இடம் வேறு பெண்ணுக்குப் போகும் என்று அவர் எழுதியிருந்தார்.

அந்தக் காலை இருவரும் எங்கள் ஊரில் கிரிவலம் கிளம்பினோம். ராத்திரி பெய்த மழையில் பாதை ஈரமாகக் கிடந்தது. பௌர்ணமி இல்லை, கூட்டமும் இல்லை. மலையின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் வேறு மலையாக எழுந்து, பார்ப்பதற்குள் கரைந்தது. முன்னால் அவள், இல்லாத பந்தைத் தட்டிக்கொண்டே போனாள். நான் மலையைச் சுற்றுகிறேனா, மலை என்னைச் சுற்றுகிறதா என்று கொஞ்ச தூரம் தெரியவில்லை. காபி குடிக்காதவனுக்கு ஞானம் சுலபமாக வரும்.

அவள் டிராக் பேண்டில் பாக்கெட் இல்லாததால் போன் என்னிடம் இருந்தது. வாயு லிங்கத்தருகே அது சத்தமில்லாமல் அதிர்ந்தது. மேனேஜர். அடுத்தது குபேர லிங்கம். சம்பள விஷயம், அங்கே போய் எடுப்பதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. சட்டைப் பைக்குள் போன் இன்னும் இரண்டு முறை வண்டுபோல் முனகி அடங்கியது.

குபேர லிங்கத்தில் போனை நீட்டினேன்.

"எத்தனை தடவ வந்துச்சு?"

"மூணு. இங்க வந்து எடுத்தா நல்லதுன்னு..."

"ஏம்ப்பா, குபேரரு வந்து பேசப் போறாரா?"

திரும்பக் கூப்பிட்டாள். நான் செருப்பில்லாத என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்தபிறகு சொன்னாள். "சம்பளம் மாறாதாம். மூணாவது வருஷத்த எடுத்துட்டாங்க. மொதத் தடவ கூப்ட்டதே அத சொல்லத்தானாம். நான் எடுக்கலன்னதும், விருப்பமில்ல போலன்னு அடுத்த பொண்ணு நம்பரத் தேடிட்டு இருந்தாராம்."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போனிலேயே விரலால் கையெழுத்துப் போட்டாள். நான் சன்னதிக்குள் போய்க் குபேரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

"பதினோரு வருஷம் ஆச்சு. உன் எடிட்டருக்கு எப்ப போன் போடுவ?"

"ஈசானிய லிங்கம் வரட்டும்மா."

"நம்பர் சொல்லு, நான் போட்டுத் தரேன்."

எனக்கு அது மனப்பாடம். கடைசி நாலு நம்பர் மறந்துபோச்சு என்றேன்.