வெறும் வயிற்றோடு போன ஆலோசகர்

கூட்டத்துக்குக் கூப்பிட்டதை ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டதாக நினைத்துப் பட்டினியாகப் போன மனிதன் மான்செஸ்டரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போனில் பேசிய ஆஸ்பத்திரிப் பெண் தெளிவாகத்தான் சொன்னாள். சர்க்கரை நோய் பற்றி ஓர் ஆராய்ச்சி தொடங்கப்போகிறது, அதை எப்படி நடத்துவது என்று முடிவு செய்ய நோயாளிகளும் உட்காருகிறார்கள், வருகிறீர்களா என்று கேட்டாள். ஆஸ்பத்திரி, சர்க்கரை, காலை என்ற மூன்று சொற்கள் காதில் விழுந்ததுமே என் வயிறு தானாகக் கதவைச் சாத்திக்கொண்டது. பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் ஒரு பையில் திணித்துக்கொண்டு போனேன். ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியர் பிஸ்கட் தட்டை நீட்டினார். "ரத்தம் எடுத்த பிறகு சாப்பிடுகிறேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், "இங்கே யாரும் உங்கள் ரத்தத்தை எடுக்கப்போவதில்லை" என்றார். நான் நம்பவில்லை. எங்கள் ஊரில் ஊசி போடுவதற்கு முன் குழந்தைகளிடம் அப்படித்தான் சொல்வார்கள்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்கு அப்பாவை அழைத்துப்போனவன் நான். விடியற்காலை பஸ், வெறும் வயிறு, மடியில் ரிப்போர்ட் பை. "இன்னா பண்ணுது?" என்று டாக்டர் கேட்டால் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "அத்த நீங்கதான் சார் சொல்லணும்" என்பார். தன் வலியைத் தானே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்பது அவர் எண்ணம். அவர் பிள்ளைக்கு ஒரு பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் அவன் என்ன நினைப்பான்? நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைப்பான்.

பக்கத்து நாற்காலியில் பாலின் என்ற அம்மாள் இருந்தார். ஓய்வுபெற்ற நூலகர். எனக்கிருக்கும் அதே சர்க்கரைதான், வாய்தான் வேறு. நோயாளிகளிடம் கேட்பதற்காகப் பேராசிரியர் தயாரித்திருந்த கேள்விகளைப் படித்துவிட்டு, "இதில் பாதி புரியவில்லை, புரிகிற பாதி தேவையில்லை" என்றார். பேராசிரியர் நன்றி சொல்லி அடித்துத் திருத்தினார். எனக்கு வயிறு எரிந்தது. அதில் பசி எவ்வளவு, பொறாமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஆராய்ச்சியில் சேர்பவர்கள் எங்கிருந்தாலும் வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்ற விதியைப் பேராசிரியர் வாசித்தார். கை நடுங்க உட்கார்ந்திருந்த நான்தான் முதல் ஆளாகத் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை எஸ்தரிடம் போனில் பீற்றிக்கொண்டேன். அவள் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். குடும்பச் சொத்தான சர்க்கரையில் அவளுக்கும் பங்குண்டு.

"இங்கெல்லாம் பேஷண்ட்ட கேட்டுத்தான் ஆராய்ச்சியே பண்றாங்க, பாப்பா."

"இங்கயுந்தாண்ணா. ஷிஃப்ட் ஆளுங்க சுகர பத்தி எதோ ஆராய்ச்சியாம், மெட்ராஸ்லேர்ந்து டாக்டருங்க வந்துக்கினு கீறாங்க. கமிட்டில நானும் கீறேன். காத்தால வெறும் வயித்துல ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னாங்க. இன்னா மேடம், நைட் ஷிஃப்ட் முடிச்சவன் துன்னாம அம்மாந்தூரம் வந்தா ரத்தமா வரும், மயக்கந்தான் வரும்னு கேட்டுட்டேன். இப்ப அவங்களே கம்பெனி கேட்டாண்ட வந்து ரத்தம் எடுத்துக்கினு, கையோட இட்லி குடுக்கறாங்க."

"உன்னியா கேட்டாங்க?"

"பின்ன, உன்னியா கேப்பாங்க?"

ஊரில் எதுவும் மாறாது என்ற உறுதியில்தான் வெளிநாடு போனவனின் நிம்மதியே இருக்கிறது. அந்த நிம்மதியை என் தங்கை ஒரு தட்டு இட்லியில் கவிழ்த்துவிட்டாள். படித்தவன் நான், கடல் தாண்டியவன் நான். ஒரு டாக்டரை எதிர்த்துப் பேசி ஒரு விதியை மாற்றியவள் அவள். அடுத்த கூட்டத்தில் அதே விதியை நானும் மாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். குளியலறைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன். எஸ்தரின் பேச்சு என் ஆங்கிலத்தில் ஏறியதும் கலெக்டருக்கு எழுதிய மனு போல ஆகிவிட்டது. இருந்தாலும் பரவாயில்லை என்று, வயிறு நிறைய உப்புமா சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

பட்டினி விதி மறுபடி பேச்சுக்கு வந்தது. நான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் பாலின் பேச ஆரம்பித்துவிட்டார். "போன தடவை இந்த மனிதர் சாப்பிடாமல் வந்திருந்தார். கையிலிருந்த தாள் நடுங்கியதை நான் பார்த்தேன். தூரத்திலிருந்து வருபவர்களை இப்படி வதைக்காதீர்கள். வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கிலேயே எடுங்கள், எடுத்ததும் டோஸ்ட் கொடுங்கள்." பேராசிரியர் என் பக்கம் திரும்பி, "அப்படித்தானே?" என்றார். ஒத்திகை பார்த்த அவ்வளவும் வாய்வரை வந்து, "எஸ்" என்று வெளியேறியது. விதி மாறிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நான் பாலினைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவரைவிட, போன தடவை அங்கே பட்டினியாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவன் வாயே திறக்காமல் சாதித்திருக்கிறான்.

அந்த மேசையில் இப்போது எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது, என் பெயர் எழுதிய அட்டையும் இருக்கிறது. மாதாமாதம் போய் உட்காருகிறேன். உட்காருவது மட்டும்தான் இங்கே நடக்கிறது. என் வாய் என்னோடு விமானம் ஏறவே இல்லை. அது கும்மிடிப்பூண்டியில், கம்பெனி கேட் வாசலில், என் தங்கையின் முகத்தில் இருந்துகொண்டு டாக்டர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது.

என்னால் ஒரு விதி மாறியதை எஸ்தரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அப்டி இன்னாண்ணா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. மொத கூட்டத்துக்கு பட்டினியா போயிருந்தேன், அத்த பாத்துதான் மாத்துனாங்க."

சிரித்து முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப அடுத்த தபா வயித்த மட்டும் அனுப்பிச்சுடு. நீ ஊட்லயே இரு."